பதினொரு வீட்டுக்கு ஒரு பாட்டில்

நஞ்சம்மாளுக்கு வயது ஐம்பத்திரண்டு. சூலூர் விசைத்தறிக் கூடத்தில் பத்தொன்பது வருடம் நூல் சுற்றியவர். ஆறு வருடமாகக் கோயமுத்தூரில் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் ஒப்பந்த வேலை. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை முகாமுக்குப் பெண்களைப் பேசி அழைத்து வர வேண்டும். அதற்கு அவரிடம் இருந்த ஒரே கருவி வாய்.

"வெக்கப்படறதுக்கு என்ன இருக்குதுங்க? அந்த நர்ஸம்மா ஒரு நாளைக்கு அறுபது பார்க்கறாங்க. உங்களுது என்ன தனி டிசைனா?"

2023 மார்ச் 15, புதன்கிழமை முகாமுக்கு அறுபத்து நான்கு பேர் வந்தார்கள். அதில் பதினொரு பேர் ஒரே தெரு, தறி வேலைக்குப் போகிறவர்கள்.

ஜூன் 12 அன்று ஆய்வு மாணவி ரித்திகா அவரை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டாள். சந்தோஷத்தில் மதியச் சாப்பாட்டையே மறந்திருந்தாள்.

"செல்லுக்குள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.ன்னு பொடிப்பொடித் துணுக்குங்க இருக்குதுங்க அக்கா. அது தானா எதையும் செய்யாது. மத்த வேலையை நிறுத்த மட்டும் செய்யும்."

"எங்க மேஸ்திரி மாதிரி."

"அதேதான். சிலது கட்டி வளராம நிறுத்தும். புத்து வந்தா அது குறைஞ்சுரும். ஒவ்வொண்ணுக்கும் நம்பர்தான் பேரு. இருபத்தொண்ணுன்னு ஒண்ணு இருக்கு, அது காவல்காரனையே நிறுத்திப்போடும். புத்துல அது ஏறும். நூத்தம்பத்தஞ்சு அழற்சியில ஏறும். அழற்சி வருசக்கணக்கா ஆறாம இருந்தா, புத்துக்குக் கதவு தொறந்து விட்ட மாதிரி."

அந்தத் தெருவின் பதினொரு பேருக்கும் நூற்று ஐம்பத்தைந்து மூன்று மடங்கு ஏறியிருந்தது. மற்ற ஐம்பத்து மூன்று பேருக்கு இல்லை. தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசிதான் காரணம் என்று ரித்திகா முடிவு கட்டி, ஜூன் 24 ஹைதராபாத் மாநாட்டுக்குக் கட்டுரையே எழுதிவிட்டாள்.

"பத்தொம்பது வருசம் அந்தத் தூசியைத் தின்னது என்ற மூக்கு, கண்ணு. அது அத்தனை தூரம் எறங்குமா?"

ரித்திகா சிரித்தாள். கட்டுரையை மாற்றவில்லை.

மறுநாள் நஞ்சம்மாள் அந்தத் தெருவுக்குப் போனார். இன்னொரு முறை சோதனை இருக்கலாம் என்று முதலில் பங்காரம்மாவிடம் சொன்னார். நாற்பத்தொன்பது வயது, மார்ச்சில் முதலில் சம்மதித்தவர் அவர்தான்.

"மறுபடியுமா? அப்ப அந்தப் பாட்டிலை மறுபடி எடுக்கோணுமுங்களாக்கா?"

"எந்தப் பாட்டில்?"

"காயம் கழுவற மருந்துதானுங்க. டாக்டரு பார்க்கற எடம், சுத்தமா வாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? ஒரே பெரிய பாட்டில், பதினொரு ஊட்டுக்கும் சுத்தி வந்துச்சு. மூணு நாளு உள்ளாற ஊத்திக் கழுவுனோம். காந்துச்சு. அதுக்காவ டாக்டரு மூஞ்சி சுளிக்க விட முடியுங்களா?"

நஞ்சம்மாள் மற்ற பத்து வீட்டுக் கதவையும் தட்டாமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். அந்தத் தெருவில் யாரும் அதை அதற்கு முன் பார்த்ததில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஐம்பது நிமிடம் யோசித்தார். அழற்சியை ஏற்றியது அந்த மருந்து, மருந்தை ஊற்ற வைத்தது அவருடைய வாய். ஒப்பந்தம் ஜூன் 30-இல் முடிகிறது. நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் ஆய்வின் தலைவர் டாக்டர் வரதராஜுலு. போன வருடம் சாம்பிள் இருந்த ஐஸ் பெட்டியை நாற்பது நிமிடம் வெயிலில் விட்ட டிரைவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவர். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. பழி தூசிமேல் விழும். தூசி எதிர்த்துப் பேசாது. மூன்று முறை பேசாமல் இருப்பது என்றே முடிவெடுத்தார். ஆனால் பதினொரு பேரில் ஒருத்திக்கு நிஜமாகவே ஏதாவது இருந்தால்? அதையும் தூசி என்று எழுதி மூடிவிடுவார்களே.

நேரே வரதராஜுலுவின் அறைக்குப் போனார். ரித்திகாவும் அங்கே இருந்தாள்.

"சார், தூசி இல்லீங்க. நானுங்க."

பாட்டில் கதையைக் கேட்டு முடித்ததும் டாக்டர் எழுந்துவிட்டார். "சோதனைக்கு முன்னால ரெண்டு நாளைக்கு உள்ளே எதையும் ஊத்தக் கூடாதுன்னு சம்மதப் படிவத்துலயே இருக்கேம்மா!"

படிவத்தை எடுத்துக் காட்டினார். நான்காம் பக்கம், ஏழாவது வரி. இங்கிலீஷ்.

"அந்தத் தெருவுல இதைப் படிக்கத் தெரிஞ்சவங்க ரெண்டே பேருங்க சார். ரெண்டும் ஆம்பளைங்க. அவிங்களுக்கு ஊத்த எடமில்லீங்க."

டாக்டர் படிவத்தைக் கடைசிப் பக்கம்வரை புரட்டினார். கீழே இருந்தது அவருடைய கையெழுத்துதான். ரித்திகா இருபது நிமிடம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். படிவத்தைத் தமிழில் எழுதி, அந்த வரியை முதல் பக்கத்துக்கு ஏற்றினாள்.

நஞ்சம்மாளின் ஒப்பந்தம் நீண்டது. கையெழுத்து மட்டும் ஆறு நாள் தாமதம். அதற்குள் அவர் பதினொரு வீடும் ஏறி இறங்கியிருந்தார்: "சுத்தமே வேண்டாமுங்க. இருக்கறபடிக்கு வாங்க, புண்ணியமாப் போகும்."

ஜூலை 5-ஆம் தேதி மறுசோதனை. பத்துப் பேருக்கு நூற்று ஐம்பத்தைந்து இறங்கிவிட்டது. பங்காரம்மாவுக்கு இறங்கவில்லை, இருபத்தொன்றும் ஏறியிருந்தது. டாக்டர்கள் துணுக்குகளை மட்டும் நம்பாமல், சதையைக் கொஞ்சம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். புற்று இல்லை, புற்றாக மாறும் வழியில் நின்ற இடம். ஆகஸ்ட் 9 அன்று அதை அகற்றினார்கள். அன்று மாலையே பங்காரம்மா நஞ்சம்மாளுடன் சூலூர் பஸ் ஏறினார்.

பஸ் சிங்காநல்லூர் தாண்டியது.

"ஏனுங்கக்கா, அந்தப் பாட்டில்ல இன்னும் பாதி கெடக்குதுங்க. என்ன பண்றது?"

"கக்கூஸ் கழுவு."