டிஸ்கில் எழுதப்படாத முடிவு

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘சீக்கிரம்’. மனிதர் எதைப் பார்த்தாலும் மெதுவாக இருக்கிறது என்று நொடித்துக்கொள்வார். லிஃப்ட், டாக்டர்கள், நான், யாரும் தப்ப முடியாது. மகள் பிறந்தபோதுகூட ஏன் இவ்வளவு நேரம் என்று நர்ஸிடம் சண்டைக்குப் போனவர் என்று அவர் மனைவியே சொல்லிச் சிரிப்பார். அந்த மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

செல்களை எண்ணும் பழைய இயந்திரம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. சொந்தமாக எதையும் வைத்துக்கொள்ளாது. எண்ண எண்ணக் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குத் தள்ளிவிடும். அங்கே ‘சீக்கிரம்’ எழுதிய ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டி புரோகிராம், அதை வாங்கி ஒரு தற்காலிகக் கோப்பில் போட்டு, கடைசியில் கணக்குப் பார்த்து முடிவைச் சொல்லும். டிஸ்க் கிழடு, முடிவு வருவதற்குள் உயிர் போய்விடும். நடுவில் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். அப்போது ஸ்கிரிப்டை நிறுத்தித் திரும்ப ஓட்டுவார், கோப்பில் இருப்பதை எடுத்துக்கொண்டு அது தொடரும். பேசிக்கொண்டே செய்வார்.

போன மழைக்காலத்தில் அந்தக் கோப்பை டிஸ்கிலிருந்து மெமரிக்கு மாற்றினார். ஒரே ஒரு வரிதான் என்றார். ஸ்கிரிப்டுக்கு வித்தியாசம் தெரியாது. கோப்பில் எழுதுவது போலவே எழுதும், படிப்பது போலவே படிக்கும். ஆனால் கோப்பு என்று ஒன்று எங்குமே கிடையாது. ஸ்கிரிப்ட் ஓடும்வரை மெமரியில் இருக்கும், நிறுத்தினால் போய்விடும், அவ்வளவுதான். முடிவுகள் பறந்து வந்தன. தலைமை டாக்டர் தோளில் தட்டிக்கொடுத்தார். கொஞ்ச நாள் மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

பிறகு அக்காவுக்கு எலும்பு மஜ்ஜையில் நோய் என்று சந்தேகம் வந்தது. என்ன வகை என்று தெரிந்தால்தான் என்ன மருந்து என்று சொல்ல முடியும். இடுப்பெலும்பில் ஊசியை இறக்கினார்கள். சரியாக வரவில்லை என்று அங்கேயே மறுபடி குத்தினார்கள். அக்கா போட்ட சத்தம் வெளியே வரை கேட்டது. கிடைத்தது துளியூண்டு. அது முழுவதையும் நான்தான் இயந்திரத்தில் ஏற்றினேன்.

எண்ணி முடித்துக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. திரையில் அசைவில்லை. வேறு யாருடைய சாம்பிளாக இருந்தாலும் மனிதர் டீ குடிக்கப் போயிருப்பார். அன்று நாற்காலியை விட்டு எழவில்லை.

“சிக்கிக்கிச்சு.”

“பொறுங்கண்ணே, இது ரொம்ப நேரம் எண்ணிச்சு இல்ல, கணக்கும் கொஞ்சம் இழுக்கும்...”

நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் நிறுத்தித் திரும்ப ஓட்டிவிட்டார். பழகிய கை. ஸ்கிரிப்ட் காலியாக எழுந்து, அடுத்த சாம்பிளை ஏற்றச் சொன்னது.

“டிஸ்க்ல இல்லையே” என்றார். “நான்தானே மாத்துனேன்.”

எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. ஆனால் அந்த மனிதரைப் போட்டு அடிக்கவா முடியும்?

மறுபடி எடுக்க அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. இவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். “செத்தாலும் பரவால்ல, அந்த ஊசி வேணாங்க” என்று அக்கா திரும்பிப் படுத்துக்கொண்டார். டாக்டர்கள் உத்தேசமாக ஒரு மருந்தைத் தொடங்கினார்கள். அது கேட்கவில்லை. அதற்குள் உடம்பு எந்த மருந்தையும் தாங்காத நிலைக்குப் போய்விட்டது.

நான் வீட்டுக்குப் பார்க்கப் போனபோது வெளியூரிலிருந்து மகள் வந்திருந்தாள். இயந்திரம் பழுதாகி முடிவு போய்விட்டது என்று அக்கா அவளிடம் சொல்லிவைத்திருந்தார். நாங்களும் தலையாட்டிக்கொண்டிருந்தோம்.

தலையணையைச் சரிசெய்துகொண்டே மகள் கேட்டாள், “அந்த மெஷினை எவன்ப்பா பாத்துக்கிறான்? அவனைச் சும்மாவா விட்டீங்க?”

அவர் வாயைத் திறந்தார். அக்கா படுத்தபடியே அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“அப்பாவை ஏன்டி கேக்குற? அவருக்கு என்ன தெரியும் பாவம்” என்றார்.