காந்தத்தைத் தேடி வந்த மோதிரம்

அப்போது நான் ஏழாம் வகுப்பு. எது கையில் கிடைத்தாலும் சோதித்துப் பார்த்துவிடுவேன். அதனால் வீட்டில் இரண்டு கடிகாரங்கள் ஓடாது. சித்தியின் நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள், அவள் மோதிரத்தின் சிவப்புக் கல் மேல் கண் விழுந்தது.

துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்ப்பவரைத்தான் கட்டுவேன் என்று சித்தி பிடிவாதமாக நின்றாள். அவளுடைய அண்ணன், அதாவது என் மாமா, "மாணிக்க மோதிரம் போடட்டும், பாப்போம்" என்றார். அவரால் முடியாது என்று நினைத்துத்தான் சொன்னார். மாப்பிள்ளை போட்டுவிட்டார். அப்போதும் மாமா, "கல்லு போலின்னா இப்பவும் நிறுத்திருவேன்" என்று சொல்லிக்கொண்டே திரிந்தார்.

கெஞ்சி மோதிரத்தை வாங்கினேன். பீரோக் கண்ணாடியில் கீறினேன். பளிச்சென்று கோடு! போலிக் கண்ணாடிக் கல் கீறாது. அப்போ மாணிக்கம்தான். ஆனால் மாணிக்கத்தைத் திருப்பினால் நிறம் லேசாக மாறும் என்று படித்திருந்தேன். இதுவோ டார்ச் வெளிச்சத்தில் எந்தப் பக்கமும் ஒரே மாதுளைச் சிவப்பு. குழம்பிப்போனேன்.

கடைசியாக, பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து கழற்றிய காந்தம். கடற்கரை மணலில் அதை இழுத்தால் கறுப்புப் பொடியோடு சிவப்புப் பொடியும் ஒட்டும். சிவப்பு, கார்னெட் என்னும் மலிவுக் கல். அதற்குள் இரும்பு உண்டு. மாணிக்கத்தில் அப்படி இல்லை. மீன்பெட்டித் தெர்மாகோல் துண்டில் மோதிரத்தை வைத்து வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டேன். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனதும் மோதிரம் மெதுவாக அதைத் தேடி வந்தது.

"சித்தி, இது மாணிக்கம் இல்ல! கார்னெட்டு!"

சித்தி பாய்ந்து வந்து மோதிரத்தை எடுத்தாள். பின்னாலேயே மாமா.

"என்னளா சத்தம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி முந்திக்கொண்டாள். "பாருண்ணே, மோதிரத்த வச்சு பீரோக் கண்ணாடியக் கீறிட்டா இவ!"

மாமா கோட்டைத் தடவிப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது. "கண்ணாடியவே கீறுதுன்னா ஒரிஜினல்தான்" என்று முனகிக்கொண்டே வெளியே போனார்.

கார்னெட்டும் கீறுமே! மாமா தெருவில் இறங்கியதும் கேட்டேன்.

"ஒனக்குத் தெரியுமா சித்தி?"

"தெரியாமயா? கடையில இந்தக் கல்ல எடுத்துக் குடுத்ததே நாந்தான். மாணிக்கத்துக்கு அவருகிட்ட ஏது காசு?"

கல் போலி இல்லை, அசல் கார்னெட். கண்ணாடியில் கோடு விழுந்ததும் உண்மை. மாமாவிடம் சித்தி சொன்னதிலும் ஒரு வார்த்தை பொய் இல்லை. அப்புறம் ஏன் மோதிரத்தைத் திரும்பப் போடும்போது கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்?

சோதனை நோட்டில் எல்லாவற்றையும் எழுதினேன். 'முடிவு' என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டேன்.