அவராட்டந்தான் இருக்குதுங்க

சப்-கோர்ட் வராந்தாவில் நின்று கட்சிக்காரர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தேன். என் குமாஸ்தா முருகேசன் வந்து, "அமீர் சார் போயிட்டாருங்கம்மா" என்றார்.

"யார் சொன்னாங்க?"

"டீக்கடையில சொன்னாங்க. நம்பாம அவரு வூட்டுக்கே போய்ப் பார்த்துட்டுத்தாங்க வரேன்."

கட்சிக்காரரை மறுநாள் வரச் சொல்லி அனுப்பினேன்.

தருமபுரி நீதிமன்றத்தில் அமீர் சாரை அறியாதவர் இருக்க முடியாது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நெடுங்காலம் அரசு தரப்பு வக்கீலாக இருந்தார். குரலை உயர்த்த மாட்டார். நம் நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்று எழுதுகிறோமே, அதைச் சொல்லிச் சிரிப்பார். "எதிரின்னு பேரு வச்சுட்டு, அவரை நல்லவர்னு நினைச்சு ஆரம்பிங்கன்னு சட்டம் சொல்லுது. யாரால முடியும் மேடம்?" அவரால் முடிந்தது. எதிரிக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் வழக்கைத் தொடங்குவார். சிலருக்கு இது வேடிக்கை. எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

அவர் என்றதும் என் நினைவுக்கு வருவது ஒரு லாரி வழக்கு. கம்பைநல்லூர்ப் பக்கத்து மாதம்மாளின் மகன் கோவிந்தன் சைக்கிளில் போகும்போது லாரி மோதி இறந்தான். லாரி நிற்கவில்லை. அடித்தது எந்த லாரி என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஓட்டியது யார் என்பதுதான் கேள்வி. அன்று தான் வண்டியிலேயே ஏறவில்லை என்றார் டிரைவர்.

பார்த்த சாட்சி ஒருவர்தான். சாமை விற்க வத்தல்மலையிலிருந்து இறங்கி வந்த பொன்னன். கூண்டில் நின்றவரிடம், அன்று லாரி ஓட்டியவர் இங்கே இருக்கிறாரா என்று அமீர் சார் கேட்டார். பொன்னன் டிரைவரைப் பார்த்துவிட்டு, பார்வையைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அவராட்டந்தான் இருக்குதுங்க."

எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். "ஆட்டம்னா? அவரேவா, அவர் மாதிரி இன்னொருத்தரா?"

"அவராட்டந்தானுங்க."

"உங்க மலையில மாட்டைக்கூட மாடாட்டம்னுதான் சொல்வீங்களா?"

கோர்ட்டே சிரித்தது. பொன்னனும் மரியாதைக்குச் சிரித்தார். பதிவில் 'அவரைப் போல் இருந்தது' என்று ஏறிவிட்டது. பதிலைச் சாட்சியின் வாயில் ஊட்டுவது போலக் கேள்வி கேட்க அமீர் சாருக்கு அனுமதி இல்லை. வெளியே வந்த பிறகு அவர் கேட்டார், "ஏங்க, அவர்தான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" பொன்னனுக்கு அது விளங்கவே இல்லை. "எதிர்ல நிக்கிற மனுசனை நீதான்னு எப்படிங்க சொல்றது? மருவாதியா இருக்குமா? அதான் சொல்லிட்டனே, அவராட்டம்னு."

சந்தேகத்தின் பலன் எதிரிக்கு. டிரைவர் விடுதலையானார்.

நஷ்டஈட்டு வழக்கை மாதம்மாளுக்காக நான் நடத்தினேன். அதே வளாகம், வேறு அறை. அதே பொன்னன் வந்து அதே சொல்லைத்தான் சொன்னார். ஆனால் இங்கே சந்தேகமே இல்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். யார் ஓட்டியிருந்தாலும் லாரி முதலாளி பொறுப்புதான் என்றாலும், இந்த டிரைவரே ஓட்டியிருக்க வேண்டும் என்று நீதிபதி தீர்ப்பில் எழுதினார். நான் வென்றேன் என்று சொல்ல வேண்டும்.

அன்று மாதம்மாள் தீர்ப்பு நகலை வாங்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, நேராக அமீர் சாரிடம் போனார். அந்த டிரைவருக்குப் பக்கத்து ஊர். வாரச் சந்தையில் இருவரும் எதிரெதிரே வருவார்களாம். "கோர்ட்டே நானில்லைன்னுடுச்சுன்னு அவன் எம் மூஞ்சிக்கு நேரா சொல்றானுங்க. இதுல அவன்தான்னு எழுதியிருக்குதாமே. எது நெசமுங்க?"

அமீர் சார் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். "அவரில்லைன்னு யாரும் சொல்லலை ஆத்தா. அவர்தான்னு நான் காட்ட முடியலை. அவ்வளவுதான். இந்தம்மா ரூம்ல தோத்தவங்க பணம் குடுத்தாப் போதும். என் ரூம்ல தோத்தா ஒரு மனுசன் ஜெயிலுக்குப் போகணும். அதனால என் ரூம்ல தராசு வேறங்க."

மாதம்மாள் கவனமாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "எம் பையன் ஒருக்காதானுங்களே செத்தான். வண்டிய ஓட்டுனவனும் ஒருத்தந்தான். நீங்க எதுக்கு ரெண்டா வச்சிருக்கீங்க?"

நான் படித்த சட்டத்தில் இதற்குப் பதில் பல பக்கங்களுக்கு இருக்கிறது. அதில் ஒரு வரிகூட மாதம்மாளுக்கு உதவாது. அமீர் சார், "நீங்க கேக்கறது சரிதாங்க ஆத்தா" என்றார். மாதம்மாள் தீர்ப்பு நகலை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பிறகு அமீர் சாரிடம் நான் நேராகவே கேட்டேன்: "உங்க மனசுக்கு என்ன தோணுது சார்?" தயங்காமல் ஒரே வாக்கியத்தில் சொன்னார். உடனே, "இதை அந்தம்மாகிட்ட சொல்லிடாதீங்க மேடம். வக்கீலே சொன்னாருன்னு சந்தையில போய்ச் சொல்லுவாங்க. கோர்ட்டு விட்ட ஆளை நான் புடிச்சு வச்சுக்கக் கூடாது" என்றார். ஆறுதலாக ஒரு சொல்லைக்கூடக் கொடுக்காத நேர்மையால் யாருக்கு என்ன லாபம் என்று அப்போது அவரிடம் வாதாடினேன். "தெரியலை மேடம்" என்றார்.

இப்போது அமீர் சார் இறந்த செய்தி கேட்டு மாதம்மாள் துக்கம் விசாரிக்க வந்தார். அவர் வீட்டுக்குப் போய்விட்டு என் அலுவலகத்திற்கும் வந்து உட்கார்ந்தார். "அந்த வக்கீலய்யா மனசுல என்னதாம்மா நெனச்சிருந்தாரு? எங்கிட்ட சொல்லவே இல்லை. உங்ககிட்டயாச்சும் சொல்லியிருப்பாரே?"

அந்த வாக்கியத்தை நான் மாதம்மாளிடம் சொல்லவில்லை. இதுவரை படித்து அமீர் சாரை அறிந்த நீங்கள் ஊகிப்பீர்கள். ஆனாலும் இங்கே எழுதவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வாக்கியமும், அதைச் சொல்லாமலிருக்கும் கடமையும்தான். அது சரிதானா என்பது இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

மாதம்மாள் என் முகத்தையே பார்த்தார். பிறகு, மொரப்பூர் பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க என்று எழுந்து போனார்.