மூன்று துண்டுக் கடவுச்சொல்

அமைப்புக் கோப்பில் எழுதும் மதிப்பில் சிறப்புக் குறியீடு ஏதும் இருந்தால், முழு மதிப்பையும் இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் இட வேண்டும். நான் வேலை பார்த்த கொம்யூன் என்னும் நகரசபையின் கணினிப் பகுதிக் கையேட்டில் இருந்த விதி இது. டேனிஷில் எழுதியவனும் நான்தான். அதை எவரும் வாசிப்பதில்லை என்பது போர் முடிந்த அந்த வைகாசி வரை என்னைப் பெரிதாக உறுத்தவில்லை.

மனைவியின் அக்கா, அத்தானோடும் இரண்டு பிள்ளைகளோடும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தா. சித்திரையோடு தொலைபேசி நின்றுவிட்டது. நாங்கள் குடியிருந்த ஹ்விடோவ்ரேயில் எங்கள் தமிழ்ச் சங்கம், தொடர்பு அறுந்த உறவினரின் விவரங்களைப் படிவத்தில் வாங்கி, ஆள்தேடும் நிவாரண அலுவலகம் ஒன்றுக்கு மின்னஞ்சலில் அனுப்ப ஒழுங்கு செய்தது. நிரலை நான் அமைத்தேன். சங்க மின்னஞ்சலின் கடவுச்சொல் என் கையில் இல்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் மூன்று கன்னை, ஒருவரை ஒருவர் நம்பாதவர்கள். ஆகவே ஆளுக்கொரு துண்டு. திரையில் தாள் ஒட்டி, ஒருவர் தன் துண்டை அமைப்புக் கோப்பில் தட்டும்போது மற்றவர்கள் சுவரைப் பார்த்து நின்றோம். கோப்பைத் திறக்கமாட்டேன் என்று என்னிடம் வாக்கும் வாங்கினார்கள்.

அக்காவின் படிவத்தைத்தான் முதலில் அனுப்பினோம். பத்து நாள் பதில் இல்லை. முறைப்படி நினைவூட்டல் அனுப்பினேன். பிறகு முறைப்பாடும் அனுப்பினேன், அதே நிரலூடாக. வேலை இடைவேளைகளில் அஞ்சல் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். வீட்டில் மனைவி சமைத்ததைச் சாப்பிடாமல் செய்திகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தா.

கடைசியில் எனக்கே ஒரு சோதனைக் கடிதம் அனுப்பினேன். வரவில்லை. கடவுச்சொல் தட்டிய அன்றே அதைச் செய்திருக்க வேண்டும். அதற்கும் விதி உண்டு. பிழை நேர்ந்தால் நிரல் எனக்கு மின்னஞ்சலில் அறிவிக்கும்படி வேறு செய்திருந்தேன். அந்த அறிவிப்பும் அதே கடவுச்சொல்லில்தான் போக வேண்டும்.

பக்கத்து ஊரான புரொண்பியில் இருந்த பொருளாளருக்கு அழைத்தேன்.

"தம்பி, உங்கட துண்டில # குறி இருக்கோ?"

"அண்ணை, இது தலைவர் கேக்கச் சொன்ன கேள்வியோ?"

"ஓமோ இல்லையோ எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ."

"இல்லையெண்டாலும் உங்களுக்குக் கண்டுபிடிக்க ஒரு எழுத்து குறைஞ்சிடுமெல்லே. கூட்டத்தில கதைப்பம்."

மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா.

"கூட்டம் எப்ப?"

"ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு. ஏழு நாள் முன்னறிவித்தல் குடுக்கவேணும்."

"அக்காவுக்கும் முன்னறிவித்தல் குடுத்தனீங்களோ?"

சங்கக் கணினி இருந்த மண்டபத்தின் திறப்பை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனேன். கோப்பைத் திறந்தேன். இரண்டாம் துண்டு # குறியில் தொடங்கியது. அந்தக் குறிக்குப் பின்னால் வருவதையெல்லாம் வெறுங்குறிப்பு என்று தள்ளிவிடும் வகைக் கோப்பு அது. ஒரே ஒரு துண்டைக் காட்டிக் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது கணினி. இரண்டு மேற்கோள் குறிகளை இட்டேன். தேங்கிக் கிடந்த கடிதங்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன. அக்காவின் படிவம் முதலில். பின்னால் அதைப் பற்றிய என் நினைவூட்டல், முறைப்பாடு. எத்தனையோ குடும்பங்கள் பத்து நாளுக்கு மேலாக ஒரு வெறும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் வரிசையில் கண்டேன்.

நடந்ததை மூவருக்கும் நானே எழுதி அறிவித்தேன். கூட்டத்தில் எனக்கெதிராகக் கண்டனத் தீர்மானம் நிறைவேறியது. மூவரும் சேர்ந்து கையெழுத்திட்டதாக எனக்குத் தெரிந்த ஒரே ஆவணம் அது. வாசகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகும் காத்திருப்புத்தான். இப்போது சாட்டுச் சொல்லக் கணினியும் இல்லை. வேலை முடிந்து ஒரு தரிப்புக்கு முன்னாலேயே ரயிலை விட்டு இறங்கி நடந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி முகத்தை நிமிர்த்திப் பார்ப்பதைத் தள்ளிப்போட.

முகாம் ஒன்றின் பட்டியலில் அக்காவும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அத்தானின் பெயருக்கு நேரே முகாம் ஏதும் இல்லை, ஒரு கோடு. பதில் வந்தது ஆனி மாதம், முதல் செவ்வாய்க்கிழமை.