சுண்ணாம்புச் சுவரில் கறுப்பு மூங்கில்

பொன்னுரங்கம் கள்ளக்குறிச்சியில் போர்டு எழுதுகிறவன். உரக்கடை, சலூன், கட்சிச் சுவர் எல்லாம் அவன் கைதான். நான் அவனோடு வெள்ளையடிக்கப் போகிறவன். ஒரு வருஷம் பம்புசெட் கடை காலண்டரில் ஜப்பான்காரன் வரைந்த படம் வந்தது. வெறும் கறுப்பு மை, நாலு இழுப்பில் ஒரு மூங்கில், மீதியெல்லாம் வெறும் தாள். அன்றைக்குப் பிடித்தது அவனுக்குக் கிறுக்கு. விளக்குக் கரியில் பிசினைக் கரைத்து மை பண்ணி, பழைய பேப்பரிலெல்லாம் மூங்கிலாக இழுத்துத் தள்ளினான். யாராவது ஒருத்தர் வீட்டுச் சுவரில் அது இருந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. யார் மாட்டுவார்கள்? கலரே இல்லையே என்று சிரிப்பார்கள். நானும்தான் சிரித்தேன்.

ரிஷிவந்தியம் பக்கம் கரும்பு போடும் அரங்கநாதன் புது வீடு கட்டினார். மெட்ராஸ் ஓட்டலில் இதே மாதிரி பார்த்தாராம். "கூடத்துச் சொவுத்துல போடுப்பா, ஜாஸ்தி வாணாம், ரெண்டு மூங்கிலு போதும்" என்றார். இவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஈரம் காயாத சுண்ணாம்பில் மூச்சை அடக்கிக்கொண்டு கீழிருந்து மேலே இழுத்தான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கழி, நடுவே குறுக்காகச் சின்னக் கிளைகள், மீதி வெள்ளை. அழகாகத்தான் இருந்தது. சத்தியமாக எங்கள் புத்திக்கு வேறெதுவும் எட்டவில்லை.

பால் காய்ச்சிய அன்று சம்பந்தி வீட்டுக்காரர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னாங்க இது? ரெண்டு கழி, குறுக்கால கட்டை. பாடைய கட்டி நிறுத்தி வெச்சிக்கினு பால் காச்சறீங்க?" அரங்கநாதன் சிரித்து மழுப்பினார். ஆனால் அதற்கப்புறம் அந்தக் கூடத்தில் யார் கண்ணுக்கும் மூங்கில் தெரியவில்லை.

அது எண்பத்தேழு. இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தது. எங்கள் பக்கம் ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். அந்த வாரம்தான் அரங்கநாதனுக்கு நெஞ்சுவலி வர வேண்டுமா? ஜீப் முதல் மரத்திலேயே நின்றுவிட்டது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு மரம் மரமாகத் தாண்டி ஓடினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை, வழியிலேயே உயிர் போய்விட்டது. மரம் வெட்டப் போனவர்களில் அவருடைய சொந்த மைத்துனனும் உண்டு. அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழி முழுக்க மூங்கில்மேல் விழுந்தது.

காரியம் முடிந்ததும் அவர் மனைவி ரங்கம்மாள் ஆள் விட்டு அனுப்பினார். "வரஞ்ச கையாலயே அழிச்சிட்டுப் போவட்டும்." பொன்னுரங்கமும் நானும் போய் வெள்ளையடித்தோம். காயக் காயக் கரி மேலே ஊறி வந்தது. திரும்ப அடித்தோம், திரும்பவும் வந்தது. இப்போது கறுப்பாக இல்லை. மங்கலாக, பனிக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. ரங்கம்மாள் பார்த்துவிட்டு ஓவென்று அழுதார். "சொரண்டிப் போடுங்க, செங்கல்லே தெரியட்டும்."

"சரிங்கம்மா" என்று கொத்துக்கரண்டியை எடுத்தவன், இரண்டடி பின்னால் போய்ச் சுவரைப் பார்த்தான்.

"இப்பதான்டா சரியா வந்திருக்குது" என்றான் என்னிடம், தாழ்ந்த குரலில். பிறகு மேலேயிருந்து சுரண்ட ஆரம்பித்தான்.