பத்து மணிக்கு வரும் படம்

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் ஜூன் மாதம், கொச்சி மட்டாஞ்சேரியில் நடந்தது இது. பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் நான் பியூன். ஐந்தாவது வரைதான் படிப்பு. முகம் பார்த்துப் பேசக் கூச்சம் வேறு. காலை ஏழரைக்கு ஆபீஸைத் திறந்து, பெருக்கி, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, ஒன்பது மணிக்கு எல்லோரும் வரும்போது ஒரு ஓரமாக நின்றுகொள்வேன். அங்கே பல பேருக்கு என் குரலே தெரியாது.

அந்த வருடக் கோடையில்தான் ஆபீஸுக்குப் பெரிய கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. மேஜைகளில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அதை நம்பித்தான் ஓடின. சர்வர் என்றார்கள். பின்பக்கம் அதற்குத் தனியாக ஒரு சின்ன அறை, ஏசி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஒரு தொந்தரவும் இல்லை. ஜூனில் மழை பிடித்ததும் அதற்கு ஏதோ சீக்கு வந்துவிட்டது. சில நாள் காலையில் எட்டே முக்காலுக்குத் தானாகவே அணைந்துபோகும். மறுபடி எழுப்ப அரை மணி நேரமாகும். அதற்குள் மிளகு விலை கேட்டு போன் மேல் போன் வரும். பதில் சொல்ல முடியாமல் மேனேஜர் கத்துவார்.

எர்ணாகுளத்திலிருந்து ஒரு என்ஜினீயர் வந்தார். பாலக்காட்டுத் தமிழர். அந்த ஆபீஸில் என்னோடு தமிழில் பேசியவர் அவர் ஒருவர்தான். அவர் மிஷினுக்குள் ஒரு ஏற்பாடு செய்தார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அது தன் சூட்டையும், தான் செய்யும் வேலையையும் தானே குறித்துக்கொள்ளும். குறித்ததை வைத்துத் தானே படம் வரையும். முந்தின நாளின் படம் தினமும் காலை பத்து மணிக்குப் பிரிண்டரில் வந்து விழும். சூட்டுக்கு நீலக் கோடு, வேலைக்குச் சிவப்புக் கோடு, கீழே மணி, மூலையில் தேதி.

“யாரும் தொட வேண்டாம் அண்ணா. நேரம் வந்தா அதுவே வரைஞ்சு தள்ளும். நீங்க எடுத்து போர்டுல குத்தினா போறும்” என்றார் என்னிடம்.

அப்படியே செய்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்து புரியாவிட்டாலும் எண் தெரியும். தேதி பார்த்து, வரிசை மாறாமல், மேனேஜர் அறைக்குப் பக்கத்துப் போர்டில் குத்தி வைப்பேன்.

இரண்டு வாரத்தில் போர்டு நிறைந்தது. அநேகமாக எல்லாத் தாளிலும் ஒரே கதை. எட்டு மணிக்கு நீலக் கோடு குன்று மாதிரி ஏறும். ஒன்பதை நெருங்கும்போது இறங்கிவிடும். சிவப்புக் கோடு அந்நேரம் தரையோடு படுத்திருக்கும். வேலையே இல்லாதபோது ஏன் இந்தச் சூடு? என்ஜினீயர் ஃபேனை மாற்றிப் பார்த்தார். ஏசி மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில், காலையில் யாரோ ஏசியை அணைத்து வைக்கிறார்கள் என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார்.

யார்? எட்டு மணிக்கு ஆபீஸில் இருப்பவர் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மாடம்தான். எர்ணாகுளத்திலிருந்து காயலில் போட் ஏறி வருவார். அடுத்த போட்டில் வந்தால் நேரமாகிவிடும் என்று முன்னதாகவே வந்து, தன் மேஜையில் உட்கார்ந்து டிபன் சாப்பிடுவார். ஏசி காற்று அவருக்கு ஒத்துக்கொள்ளாது. எப்போதும் தோளில் ஒரு சால்வை. அதுவே அவருக்கு எதிராகப் போனது. ஏழரைக்கே வருகிற என்னை யாரும் நினைக்கவே இல்லை.

ஒரு சனிக்கிழமை மேனேஜர் அவரை அழைத்து, திங்கட்கிழமை முதல் வேறு ஆள் வருகிறார் என்று சொல்லிவிட்டார். மாடத்தின் கணவர் முதுகில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தார். அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அறையை விட்டு வெளியே வந்தவர் நேராக என்னிடம் வந்தார்.

“சேட்டா, காலையில நீங்க இங்கே உண்டல்லோ. நான் அந்த ரூமில கேறி ஏசி ஆஃப் செய்யறது எப்போழெங்கிலும் கண்டிட்டுண்டா?”

“இல்லை மாடம்.”

“எங்கில் அது சாரிடம் ஒண்ணு சொல்லாமோ?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மேனேஜர் முன்னால் நின்று பேசுவதை நினைத்தாலே எனக்கு வாய் உலர்ந்துவிடும். அவர் தன் மேஜைக்குத் திரும்பிப் போனார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஞாயிற்றுக்கிழமைத் தாள்களில் குன்று இல்லை. அது சரி, ஆபீஸ் பூட்டியிருந்தது. ஆனால் முந்தின வாரம் வியாழக்கிழமைத் தாளிலும் குன்று இல்லை. அன்று மாடம் வந்திருந்தாரே?

அந்த வியாழக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருந்தது. பல நாள் மழைக்குப் பிறகு வெயில் அடித்த காலை. எதிர் கோடவுனில் சுக்கை அள்ளி வெளியே பரப்பினார்கள். நானும் நனையாமல் வந்து சேர்ந்தேன்.

குன்று இருந்த தாள்களின் தேதிகளை விரலால் தொட்டு எண்ணினேன்; அத்தனையும் மழை நாள்.

அப்போது கும்பளங்கியில் வாடகை வீடு. அங்கிருந்து சைக்கிளில்தான் வருவேன். மழை நாளில் யூனிபார்ம் சட்டை தொப்பலாக நனைந்துவிடும். இருந்ததோ ஒரே யூனிபார்ம். விலை பேச வருகிறவர்களுக்குச் சாயா கொண்டுபோகும் ஆள் ஈரச் சட்டையோடு நின்றால் மேனேஜருக்குப் பிடிக்காது. அந்தப் பெரிய மிஷினின் முதுகில் சூடான காற்று வருவதை ஒரு நாள் பெருக்கும்போது கண்டுபிடித்தேன். பின்னால் சுவரில் வசதியாக ஒரு ஆணியும் இருந்தது. பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு பெருக்குவேன். யூனிபார்மை எட்டு மணிக்கு அந்த ஆணியில் மாட்டுவேன். ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது எடுத்தால் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். ஆளே இல்லாத அறையில் அந்த மிஷின் மழை நாள் ஒன்று விடாமல் என் சட்டையைப் படம் வரைந்திருக்கிறது. அதை என் கையாலேயே நான் போர்டில் குத்தியிருக்கிறேன்.

மேனேஜர் அறைக்குச் சாயா கொண்டுபோனேன். என்ஜினீயரும் உள்ளே இருந்தார். கிளாஸை வைத்த பிறகும் வெளியே வராமல் நின்றேன்.

“எந்தாடோ?” என்றார் மேனேஜர்.

“சார், அது மாடம் இல்லை. என் ஷர்ட்.”

இருவருக்கும் புரியவில்லை. விளக்கிச் சொல்ல எனக்கும் வரவில்லை. வாங்க என்று கையைக் காட்டிவிட்டு நடந்தேன். குழாயில் சட்டையை நனைத்துப் பிழிந்து, பனியனோடு போய் அந்த ஆணியில் மாட்டினேன். மிஷினின் முதுகு முழுக்க மூடிக்கொண்டது; சூடான காற்று வெளியேற வழியில்லை. என்ஜினீயர் அதை வாய் பிளந்து பார்த்தார். பிறகு மேனேஜரிடம், பதினைந்து நிமிஷம் பொறுங்கள் என்றார்.

திரையின் முன்னால் எல்லோரும் நின்றோம். மாடமும் வந்து நின்றார். முதல் ஐந்து நிமிஷம் கழித்து வந்த படத்தில் நீலக் கோடு அசையவே இல்லை. நான் சொன்னது தப்பாகிவிட்டால் மாடத்துக்கு இனிப் போக்கிடம் இல்லை. ஏறு, ஏறு என்று மனசுக்குள் கெஞ்சினேன். அடுத்த படத்தில் கோடு லேசாக நிமிர்ந்தது. மூன்றாவதில் குன்றின் அடிவாரம் தெளிவாகத் தெரிந்தது.

என் தப்பு உறுதியானதற்காக நான் நிம்மதியாக மூச்சு விட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

என்ஜினீயர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். “நாலு தடவை பஸ் ஏறி வந்தேன் அண்ணா! ஃபேனை மாத்தினேன், ஏசியைப் பிரிச்சேன். கடைசில உங்க சட்டையா?”

மேனேஜர் சிரிக்கவில்லை. ஈரம் கரண்டில் சொட்டித் தீப்பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பத்து நிமிஷம் திட்டினார். திட்ட வேண்டியதுதான். பிறகு மாடத்தைப் பார்த்து, திங்கட்கிழமை வழக்கம்போல வரச் சொன்னார். போகிற போக்கில் கணக்கரிடம், “இவனு ஒரு ரெயின்கோட் வாங்கிக் கொடுக்கணும்” என்றார். என் வேலை போகவில்லை என்பது அதைக் கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது.

மாடம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே, “சேட்டா, இன்று மழையுண்டோ, இல்லெங்கில் நான் போர்டு போய் நோக்கணுமோ?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அன்று பத்து மணிக்கு வந்த தாளில் நீலக் கோடு காலை முழுவதும் நேராகக் கிடந்தது. அதையும் தேதி பார்த்துப் போர்டில் குத்தினேன்.

கூச்சம் என்னோடு போகிற ஒன்று, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். இப்போதும் மழை நாளில் ரெயின்கோட்டை வெளியே கொடியில் போடும்போதெல்லாம், நான் அன்று சாயா கிளாஸை வைத்துவிட்டு வழக்கம்போல வெளியே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கிறேன்.