தகரத் தொப்பியில் பனி

தாஜாவுக்கு எந்த வேலையையும் தள்ளிப்போடப் பிடிக்காது. குளிர்காலத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக் காயவைக்கும் பருவம் வந்தால், ஷோப்பியான் மலைச்சரிவில் இருந்த அந்த ஊரில் முதல் கயிறு அவள் வீட்டு மாடியில்தான் தொங்கும். குளிர் விடைபெற்றதும் அறையைச் சூடாக்கும் இரும்புப் புகாரி அடுப்பை முதலில் கழற்றுகிறவளும் அவள்தான். கரி சுரண்டி, எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி மாடியில் ஏற்றிவிடுவாள். சுவருக்கு வெளியே நிற்கும் புகைக்குழாய் மட்டும், தலையில் தகரத் தொப்பியோடு அங்கேயே நிற்கும். உள்பக்க ஓட்டைக்குப் பால்பவுடர் டப்பாவின் மூடி.

"இவளை விட்டா சூரியனையே தேய்ச்சுக் கழுவி வெளியில வைப்பா" என்பாள் பக்கத்து வீட்டு ஹசீனா.

இந்த வருஷம் அவசரத்துக்குக் காரணமும் இருந்தது. மகள் ரூஹி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பிள்ளை பெற்றவள் மேல் காற்றுப் படக்கூடாது என்று ஜன்னல் இடுக்கையெல்லாம் பாலிதீன் வைத்து ஆணியடித்தாள் தாஜா. பெண்குழந்தை பிறந்தது. ஒரு மைனா ஜோடி வைக்கோலைக் கவ்விக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போய்ப் போய் வந்தது. கூடு கட்டப் பறவைக்கும் நம் வீடுதான் பிடித்திருக்கிறது என்று தாஜாவுக்கு உள்ளூரப் பெருமை.

ஆப்பிள் மரங்கள் முழுக்கப் பூத்து நின்ற வாரத்தில் பனி வந்தது. விடிகாலையில் மழையாகத்தான் தொடங்கியது. தொழுகை முடித்து எழுந்தபோது மழையின் சத்தம் நின்றிருந்தது. அந்த அமைதி தாஜாவுக்குப் பிடிக்கவில்லை. கதவைத் திறந்தால் முற்றம் வெள்ளையாகக் கிடந்தது. தோப்புப் பக்கமிருந்து ஏதோ ஒரு கிளை முறிந்த சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

கணவன் சுபான் நீளக் கழியைத் தேடிக்கொண்டிருந்தான். "மொட்டை மரத்துல பனி நிக்காது. பூத்த மரத்துல வந்து விருந்தாளி மாதிரி ஒக்காந்துக்கும். போய் உலுக்கலைன்னா ஒண்ணும் மிஞ்சாது."

"போறதுக்கு முன்னாடி அடுப்பை மாட்டிக் குடுத்துட்டுப் போங்க. கரண்டும் போயிடுச்சு. பச்சப்புள்ள கை ஐஸா இருக்கு."

அடுப்பை இறக்கினார்கள். வழக்கமாக மாட்டுவதற்கு முன் கழியில் துணி சுற்றிக் குழாய்க்குள் விட்டு ஒரு இழுப்பு இழுப்பார்கள். சுபான் கழியைக் கையில்தான் வைத்திருந்தான்.

"துடைக்கணுமா?"

"கழட்டி ஒரு மாசம்கூட ஆகலை. நான் துடைச்சு வச்சதுல என்ன அழுக்கு இருக்கப் போகுது? நீங்க தோப்பைப் பாருங்க."

அவன் போனான். ஈர விறகு புகைந்தது. புகை குழாய்க்குள் போகாமல் அடுப்புக் கதவின் இடுக்கு வழியாக அறைக்குள் திரும்பியது. குழந்தை இருமியது. முதல் நாள் அடுப்பு அப்படித்தான் அடம்பிடிக்கும் என்று தாஜா விறகை வெளியே இழுத்துவிட்டு, மிச்சமிருந்த மரக்கரியைக் கொட்டினாள். கரி கனன்றது. புகை நின்றது. இரும்பு சிவக்கச் சிவக்க அறை இதமானது. தன் சாமர்த்தியத்தை அவளே மெச்சிக்கொண்டாள்.

"மோஜி, தலை வலிக்குது" என்றாள் ரூஹி.

"அம்மாவைக் கூப்பிட்டு நொய்நொய்ங்காதே. ராத்திரியெல்லாம் முழிச்சா வலிக்காம என்ன செய்யும்? புள்ளையே தூங்குறா, நீயும் தூங்கு."

குழந்தை தூங்கியது உண்மைதான். பிறந்த நாளிலிருந்து வீட்டைக் கூரையோடு தூக்கியவள், இன்று பால் கேட்டுக்கூட அழவில்லை. தாஜா சுவரில் சாய்ந்தாள். நெற்றியைச் சுற்றி யாரோ கயிறு கட்டி இறுக்குவது போலிருந்தது. விடியலிலிருந்து ஓடிய ஓட்டம் என்று நினைத்துக்கொண்டாள். கண் சொருகியது.

"தாஜா! ஏ தாஜா! உன் செர்ரி மரம் சாயுது, செத்துட்டியா உள்ளே?"

ஹசீனாவின் குரல் வேலிக்கு அப்பாலிருந்து வந்தது. தாஜா எழுந்தாள். கால்கள் பஞ்சாக இருந்தன. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, அறைக்கதவை மறக்காமல் இறுகச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். முற்றத்தின் நடுவில் குமட்டியது. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முதல்ல கழட்டினவளே முதல்ல மாட்டினியாமே!" ஹசீனா சிரித்தாள். "நான் சோம்பேறி. என் அடுப்பு நின்ன இடத்துலயே நிக்குது. இப்ப யாருடி கெட்டிக்காரி?"

தாஜா விளக்குமாற்றால் கிளையை அடித்தாள். பூவும் பனியுமாகத் தலையில் கொட்டியது. கண்ணில் விழாமல் இருக்க முகத்தைத் திருப்பினாள். ஹசீனா வீட்டுக் குழாய் எதிரே தெரிந்தது. அதன் தகரத் தொப்பி கறுப்பாக நனைந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது. சுற்றிலும் பனி உருகி ஒரு வட்டம்.

தன் வீட்டுக் குழாயைப் பார்த்தாள். தொப்பியின் மேல் கையகல உயரத்துக்குப் பனி உட்கார்ந்திருந்தது. கீழே அடுப்பு சிவந்து எரிகிறது, மேலே பனி உருகவில்லை. கூரை இறவாணத்தில் நனைந்துபோன இரண்டு மைனாக்கள் குழாயின் வாயைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தன.

விளக்குமாறும் கையுமாக ஓடினாள். கதவை உதைத்துத் திறந்து, விளக்குமாற்றுக் காம்பாலேயே ஜன்னல் கண்ணாடியை உடைத்தாள். பாலிதீனை நகத்தால் கிழித்தாள். "ரூஹி! எந்திரி! எந்திரிடி!" மகளின் தலை தொய்ந்து மறுபக்கம் விழுந்தது. கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். ரூஹி முனகினாள். அந்த முனகல் போதும் என்று குழந்தையை வாரிக்கொண்டு பனிக்குள் ஓடிவந்தாள்.

"பைத்தியமா உனக்கு? பச்சப்புள்ளையைப் பனிக்குக் காட்டுறே!"

"உள்ளே போ ஹசீனா. ரூஹியை இழு. குழாய் அடைச்சிருக்கு, உள்ளே கரி விஷக்காத்து. மூச்சை அடக்கிக்கிட்டுப் போ."

ஹசீனா வேலியைத் தாண்டிய வேகத்தில் செருப்பு ஒன்று பனியில் தங்கிவிட்டது. தாஜா துணியை விலக்கினாள். ஒரு காற்றும் படாமல் பொத்திவைத்த முகத்தில் பனி நேராக விழுந்தது. உதட்டில் விழுந்த துகள் மெல்ல உருகியது. உள்ளங்காலைச் சுண்டினாள். ஒன்றும் இல்லை. மறுபடி சுண்டினாள். தோப்புப் பக்கம் ஒரு கிளை முறிந்தது. "அழு. என்னைத் திட்டியாவது அழு."

வாய் கோணியது. முதலில் சத்தமில்லாமல், பிறகு பூனைக்குட்டி போல, பிறகு வழக்கமான குரலில் குழந்தை அழுதது. வாசற்படியில் ரூஹி மண்டியிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

சுபான் திரும்பி வந்தபோது அடுப்பு முற்றத்துப் பனியில் கவிழ்ந்து கிடந்தது. குழாயிலிருந்து உருவிய வைக்கோல் கொத்து, பாலிதீன் நார்களோடு பக்கத்தில் கிடந்தது. அவன் கையிலிருந்த கழியைப் பார்த்தான், பிறகு அதைச் சுவரோரம் போட்டான்.

"எத்தனை மரம் போச்சு?" என்றாள் தாஜா.

"கேக்காதே."

அன்று எல்லோரும் ஹசீனா வீட்டில் படுத்தார்கள். ஹசீனா கேலி பேசாத நாள் அது ஒன்றுதான்.

குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். தாஜா தலையாட்டிக்கொண்டாள். ஆனால் குழந்தை அசையாமல் தூங்கும்போதெல்லாம் அவள் கை போர்வைக்குள் போய் உள்ளங்காலைச் சுண்டும். வீறிட்டு அழுத பிறகுதான் வெளியே வரும்.

"இப்பத்தானே மோஜி தூங்குச்சு!" என்று ரூஹி சண்டை பிடிப்பாள்.

"அழட்டும்" என்பாள் தாஜா. மகள் புகுந்த வீட்டுக்குக் கிளம்பிய அன்றும் அந்தச் சின்னப் பாதத்தில் சிவப்பு மாறாமல் இருந்தது.